சாவிக்கு நிற்காத எஞ்சின்

பெட்ரோலா டீசலா என்று யாராவது கேட்டால் நான் ஆளைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை, நிலத்தைப் பார்த்துச் சொல்வேன். சமதரை, பொலபொலவென்று மண், மாதத்துக்கு நாலு நாள் வேலை என்றால் பெட்ரோல் போதும். சரிவு, பாறை, வேர், பொழுதுக்கும் தள்ள வேண்டும் என்றால் டீசல். பழைய மிஷின்களைப் பிரித்து மாட்டியே தலை நரைத்தவன் நான். என்னை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்; பெற்றவர்கள் வைத்த பேர் வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வேன். அக்கா வீட்டில் கேட்டபோது மட்டும் வாயடைத்துப் போனேன்.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. என் சிநேகிதன் நெட்டையின் அக்கா. நெட்டை செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவனைக் கொன்றது ஒரு சின்னப் பழைய டீசல் புல்டோசர், அவர்களுடைய நிலத்திலேயே. இப்போது அதே நிலத்துக்கு இன்னொரு சின்னப் பழைய புல்டோசர் வேண்டும் என்கிறார்கள். எதை வாங்குவது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. மெயின் ரோட்டிலிருந்து அந்த வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதை. நடுவில் ஓடை, அதன்மேல் இரண்டு இரும்பு உத்தரத்தைப் போட்டுப் பலகை அடித்த பாலம். பாலம் தாண்டியதும் சரிவு. போன மழையில் சரிவு பாதையோடு கீழே வந்துவிட்டது. அந்த மழையிலேயே அக்கா வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு ஹாரன் அடித்தது. நாங்கள் நாலு பேர் அவரைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காரவைத்து, சேற்றில் முழங்கால் புதையத் தூக்கிவந்தோம். முக்கால் மணி நேரம். டாக்டர் எங்களைப் பார்த்து, "அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்காது" என்றார். அடுத்த மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. பெரிய மிஷினை வாடகைக்குக் கூப்பிட்டால் அந்தப் பாலம் அதன் நிழலைக்கூடத் தாங்காது. மூன்று டன்னுக்குள் இருக்கிற, இப்போது யாரும் செய்யாத அந்தக் காலத்துச் சின்ன மிஷின்தான் தாண்டும்.

விலைக்கு வந்தவை இரண்டு. ஒரு மரவாடியில் பெட்ரோல், ஒரு செங்கல் சூளையில் டீசல்.

நான் போனபோது வீட்டுக்காரர் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கோடு போடாமல் அவரால் யோசிக்க முடியாது. பக்கத்தை நடுவில் பிரித்து இந்தப் பக்கம் பெட்ரோல், அந்தப் பக்கம் டீசல் என்று எழுதி, கீழே இரண்டு பக்கமும் காலியாக விட்டிருந்தார்.

"வா ஸ்பேனர். நீ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கறேன்."

"அவன் என்ன சொல்றது?" என்றாள் அக்கா, அடுப்பங்கரையிலிருந்து. "நான்தான் சொல்லிட்டேனே. சாவியத் திருப்பினா நிக்கணும். அந்த மாதிரி மிஷின்தான் இந்த நெலத்துல கால் வைக்கும்."

"அதான் பெட்ரோல்," என்று அக்காவின் மகள் எனக்கு விளக்கினாள், எனக்குத் தெரியாதது போல. அவள் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். ஒரு மாதம் லீவு போட்டு வந்திருந்தாள். மிஷினை ஓட்டப்போவது அவள்தான். "ஸ்பார்க் கட்டாச்சுன்னா எஞ்சின் நின்னுடும். டீசலுக்கு ஸ்பார்க்கே கிடையாது. எண்ணெயை நிறுத்தினாத்தான் நிக்கும். இல்லியா மாமா?"

"ஆமா கண்ணு."

"எதை இழுத்தா எண்ணெய் நிக்கும்னு தெரியணும்," என்றாள் அக்கா. வீட்டுக்காரர் நோட்டை மூடினார்.

சாப்பிட உட்கார்ந்தோம். சோறு, வேகவைத்த உருளைக்கிழங்கு, ஆளுக்கொரு முட்டை. அந்த வீட்டில் டீ எப்போதும் பால் இல்லாமல்தான். மதியம் பன்னிரண்டு மணிக்கு அக்கா ஃப்ரிட்ஜை நிறுத்திவிடுவாள். இரண்டு மணிக்குமேல்தான் போடுவாள். அதன் உறுமல் அவளுக்கு ஆகாது. மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவதும் காலையிலேயே முடிந்துவிட வேண்டும். மகளுடைய ஸ்கூட்டர் சாவியை அக்கா வாசலில் வந்து தானே ஒருமுறை திருப்பிப் பார்ப்பாள். வந்து நின்று அரைமணி நேரமான வண்டியாக இருந்தாலும் பார்ப்பாள். புதிதாக வருகிறவர்களுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். வாரம் ஒருமுறை வருகிற எனக்கு அந்த இரண்டு மணி நேர அமைதியில் சோறு இறங்காது.

அன்றைக்கும் பாதிச் சாப்பாட்டில் அவள் கை நின்றது.

"ஓடுது," என்றாள். "கேக்குதா?"

"ஒண்ணும் ஓடலம்மா," என்றாள் மகள்.

"மேல சரிவுல. மெதுவா."

நாங்கள் மூன்று பேரும் காதைக் கொடுத்துக் கேட்டோம். கேட்காமல் இருக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே வெயில். சரிவில் நெட்டை விழுந்த இடத்தில் யாரும் பதினோரு வருஷமாக வெட்டாத முள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. காற்றுக்கூட இல்லை.

"இல்லக்கா," என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என்னைத் தவிர யாருக்கும் முழுசாகத் தெரியாது என்றுதான் பதினோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெட்டையின் மிஷினுக்கு ஸ்டார்ட்டர் கிடையாது. கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். அவன் தோள்பட்டை கழன்றுவிடும் என்று புலம்பியதால் நான்தான் ஒரு பழைய கார் ஸ்டார்ட்டரைப் பொருத்தி, கார் சாவி ஒன்றையும் மாட்டிக் கொடுத்தேன். சாவி கிளப்ப மட்டும்தான். நிறுத்த, பலகையில் ஒரு கறுப்புக் குமிழ். அதைப் பிடித்து இழுத்தால் பின்னால் இருக்கிற வயர் டீசல் பம்பை மூடும், எஞ்சின் அணையும். ஸ்டாப் வயர் என்போம். அந்த வயர் ஒரு நாள் பம்ப் பக்கமாக அறுந்துபோனது. அறுந்ததை நான் உருவி எடுத்து, அதே அளவுக்குப் புதுசு செய்து தருகிறேன் என்று பட்டறைக்குக் கொண்டுபோனேன். குமிழை மட்டும், தூசி போகாமல் இருக்க, ஓட்டையில் சொருகிவிட்டு வந்தேன்.

"அதுவரைக்கும் எப்படிடா நிறுத்தறது?" என்று நெட்டை கேட்டான்.

"நிறுத்தாத. பகல் பூரா ஓடட்டும். பேட்டரியும் வீக்கா இருக்கு. சாயங்காலம் கியர்ல போட்டு பிரேக்க அமுக்கு, மூச்சு முட்டி தானா செத்துடும். ரெண்டு நாள்தான்."

பழைய மிஷின்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் ஆறு நாளாயிற்று. பட்டறையில் வேறு வேலை மேல் வேலை. ஏழாம் நாள் மதியம் அவன் பிளேடில் சிக்கிய வேரை இழுத்துப்போட இறங்கினான், எஞ்சின் ஓட ஓட. ஓடாமல் என்ன செய்யும், நான்தான் நிறுத்தாதே என்று சொல்லியிருந்தேனே. அதிர்விலேயே தேய்ந்த கிளட்ச் லிவர் தானாக விழுந்து மாட்டிக்கொண்டது. மிஷின் நகர்ந்து, அவனைப் பிளேடோடு ஒரு பாறையில் வைத்து நெருக்கிவிட்டு, அதற்குமேல் போக முடியாமல், சக்கரத்துக்குப் பதில் ஓடுகிற செயின் இரண்டும் மண்ணைப் பறிக்கப் பறிக்க நின்றது.

சாப்பாடு கொண்டுவந்த அக்கா அதைத்தான் பார்த்தாள். ஓடி ஏறி லிவரை இழுத்திருக்கிறாள். அவ்வளவு பாரம் மேலே நிற்கையில் அது இரண்டு ஆணுக்கே அசையாது. சாவியைத் திருப்பியிருக்கிறாள். எஞ்சின் நிற்கவில்லை. சாவியை உருவிக் கையில் எடுத்த பிறகும் அது ஓடியிருக்கிறது. என்னைக் கூட்டிவர ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் வந்து ஏர் ஃபில்டர் குழாயின் வாயில் ஒரு பலகைத் துண்டை வைத்து அமுக்கினேன். நாலு தடவை இருமிவிட்டு எஞ்சின் நின்றது. பலகைத் துண்டு, அவ்வளவுதான். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கீழே இறங்குவதற்கு முன் குமிழைப் பார்த்தேன். வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நெட்டையை எடுக்கிற அன்றைக்கு, வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தமான லாரி டிரைவர் ஒருவர், கூட்டத்துக்கு நடுவில், "அந்தக் கறுப்புக் குமிழைப் புடிச்சு இழுத்திருந்தா போதுமேம்மா" என்றார். கெட்ட எண்ணமில்லாத மனுஷன். தெரிந்ததைச் சொல்லிவிட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குமிழுக்குப் பின்னால் வயர் இல்லை, எடுத்தது நான், இழுத்திருந்தாலும் நின்றிருக்காது. நான் சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு பதினாறு கழியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் சொல்வதற்கு நாள் எதுவும் சரியாக அமையவில்லை. வாராவாரம் போய் அவர்கள் வீட்டுப் பம்பைப் பார்த்தேன், கூரையை ஒட்டினேன், பூட்டுக்கு எண்ணெய் விட்டேன். ஒரு பைசா வாங்கவில்லை. எவ்வளவு நல்லவன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மரவாடிக்கு நானும் மகளும் மட்டும் போனோம். பழைய மிஷின் பார்க்கப் போகும்போது சொல்லாமல் போக வேண்டும். போனதும் எஞ்சின்மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் விற்கிறவன் முன்னாலேயே கிளப்பி வைத்திருக்கிறான், ஏதோ கோளாறு என்று அர்த்தம். இது ஜில்லென்று இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. பல்சக்கரத்தின் பற்கள் கொக்கியாகத் தேயாமல் முனை மழுங்கித்தான் இருந்தன. மரவாடிக்காரர் மஞ்சள் பெயிண்ட் அடித்துத் துடைத்து, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்.

"நாலு சுத்துல புடிச்சுக்கும், பாருங்க," என்றார். மூன்றிலேயே பிடித்துக்கொண்டது. சத்தமும் மெதுவாக, பதவிசாக. மகள் சாவியைத் திருப்பினாள். நின்றது. மறுபடி கிளப்பித் திருப்பினாள். நின்றது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"இதை ஏத்தத்துல ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"மரவாடியில ஏத்தத்துக்கு எங்கங்க போறது? சமதரையில கட்டைய உருட்டுறதுதான்."

வாடிக்குப் பின்னால் மரத்தூளும் மண்ணும் கலந்து கொட்டிய மேடு ஒன்று இருந்தது. அக்கா வீட்டுச் சரிவு அளவுக்கு இருக்கும். ஏற்றிப் பார் என்றேன். பிளேடில் மண்ணை நிரப்பிக்கொண்டு மகள் ஏற்றினாள். முக்கால் தூரம் போனதும் எஞ்சின் இரண்டு தடவை விக்கியது. பெட்ரோல் எஞ்சினின் கார்புரேட்டர் ஒரு சின்னக் கிண்ணம். மிஷின் சாய்ந்தால் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோலும் ஒருபக்கம் சாயும், எஞ்சினுக்குப் போய்ச் சேராது. விக்கிய எஞ்சின் அணைந்தது. பிரேக் பட்டை தேய்ந்திருந்தது. மிஷின் பின்பக்கமாக உருள ஆரம்பித்தது.

பத்து அடிதான் இருக்கும். அடியில் குவிந்து கிடந்த மரத்தூளில் புதைந்து நின்றுவிட்டது. மகள் ஸ்டியரிங் லிவர் இரண்டையும் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது உதடு வெளுத்திருந்தது.

"ஒண்ணும் ஆகல மாமா."

"எறங்கு."

"ஒண்ணும் ஆகலைங்கறேன். பிரேக் பட்டை மாத்திடலாம்ல?"

"மாத்தலாம். எஞ்சின் விக்கறத மாத்த முடியாது. அங்க கீழ மரத்தூள் இல்ல. ஓடைதான் இருக்கு."

அவள் இறங்கி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மாகிட்ட இதைச் சொல்ல வேணாம் மாமா. இதையே வாங்கிடலாம். நான் பாத்து ஓட்டிக்கறேன். டீசல் சத்தம் அந்த வீட்டு வாசல்ல கேட்டா அம்மா என்ன ஆவாங்கன்னு எனக்குத் தெரியும். அப்பாவையும் நான் பாக்கணும், அம்மாவையும் பாக்கணும். நீங்க மட்டும் பெட்ரோல்தான் நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா அம்மா நம்புவாங்க."

அவளுக்கு இருபத்துநாலு வயது. நெட்டை செத்தபோது பதின்மூன்று. அவனுடைய உயரம் அப்படியே வந்திருக்கிறது. நிறுத்தாதே என்று ஒரு வார்த்தை சொல்லி அவனைக் கொன்றேன். இப்போது ஒரு வார்த்தை சொல்லி இவளையும் கொல்லச் சொல்கிறாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. மரவாடிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, "நாளைக்குச் சூளையில இருக்கறதையும் பாத்துடுவோம். அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றேன்.

"அம்மா வர மாட்டாங்க."

"நான் வரச் சொன்னேன்னு சொல்லு."

அக்கா வந்தாள். அது எனக்கே ஆச்சரியம்தான். என் பழைய வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வழி முழுக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் பின்சீட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். மகள் அவர் பக்கத்தில்.

சூளையில் நெருப்பு இல்லை. அடுக்கிய செங்கல்லில் புல் முளைத்திருந்தது. சூளைக்காரர் தகரக் கொட்டகைக்குள் எங்களைக் கூட்டிப்போனார். மிஷினுக்குப் பெயிண்ட் கிடையாது. துருவும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். சீட்டுக்குப் பதில் கோணிப்பையை மடித்துப் போட்டிருந்தார்கள். ஆனால் செயின் இறுக்கமாக இருந்தது, பம்பில் கசிவு இல்லை, பிரேக் காலை வைத்ததும் கல்லாகப் பிடித்தது. வேலை செய்த மிஷினுக்கு ஒரு களை உண்டு. அது இதில் இருந்தது. அக்கா வேனைவிட்டு இறங்கவில்லை.

"கெளப்பட்டுமா?" என்றார் சூளைக்காரர்.

நான் வேனைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள்.

டீசல் கிளம்பியது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தைப் பழகிய சத்தம் என்று நான் நினைத்திருந்தேன். தினம் பட்டறையில் கேட்கிறேன். ஆனால் அக்கா இருக்கிற இடத்தில் அதைக் கேட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அன்றைய மதியம், அன்றைய வெயில், செயினில் அரைபட்ட பச்சை வேரின் வாசம் எல்லாம் கொட்டகைக்குள் வந்து நின்றன. நெட்டை கீழே குனிந்து வேரை இழுத்துக்கொண்டிருக்கிறான், நான் கத்தினால் இப்போதுகூட நகர்ந்துவிடுவான் என்று தோன்றியது. கத்தவும் வாய் திறந்தேன். சூளைக்காரர் என்னவோ கேட்கிறேன் என்று நினைத்து, "என்னங்க?" என்றார்.

மகள் மிஷினை வெளியே எடுத்து, களிமண் வெட்டிய பள்ளத்தின் சரிவில் பிளேடு நிறைய மண்ணோடு ஏற்றினாள். ஒரு விக்கல் இல்லை. பாதியில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். சுவரில் ஒட்டிய பல்லிபோல் சரிவில் அப்படியே நின்றது. வீட்டுக்காரர் நோட்டில் ஏதோ எழுதினார். பெட்ரோலா டீசலா என்பதற்கு அதற்குமேல் கேள்வியே இல்லை.

நான் வேனுக்குப் போய் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து மரவாடியில பெட்ரோல் மிஷின் ஏத்தத்துல அணைஞ்சு பின்னால உருண்டுடுச்சுக்கா," என்றேன். "பாப்பா மேல இருந்தா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னா. அது வேணாம். இதான் நல்லது."

அவள் மடியில் இருந்த கைப்பையை இன்னும் இழுத்துப் பிடித்தாள்.

"சாவிக்கு நிக்காதுதான். ஆனா ஸ்டாப் வயர் சரியா இருந்தா ஒரு இழுப்புல நிக்கும். நெட்டை மிஷின்ல... அக்கா, அதுல வயர் இல்ல. அறுந்துபோச்சுன்னு நான்தான் கழட்டிக் கொண்டுபோனேன். ரெண்டு நாள்ல தரேன்னேன். ஏழு நாள் ஆக்கிட்டேன். நிறுத்தாம ஓட்டுன்னு அவனுக்குச் சொன்னதும் நான்தான். நீங்க குமிழை இழுத்திருந்தாலும் நின்னிருக்காது. உங்க மேல தப்பே இல்ல. பதினோரு வருஷமா நான் சொல்லல."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"இழுத்தேன்," என்றாள் அக்கா.

எனக்குப் புரியவில்லை.

"கையில என்னென்ன ஆப்பிட்டுச்சோ எல்லாத்தையும் இழுத்தேன். அதையும் இழுத்தேன். முழுசா கையோட வந்துடுச்சு. பின்னால ஒண்ணுமே இல்ல, வெறும் ஓட்டை. மறுபடி சொருகிட்டேன். ஏன் சொருகினேன்னு தெரியல. எடுத்தத எடுத்த எடத்துல வெக்கிற புத்தி." அவள் குரல் காய்கறிக்காரனிடம் பேசுவதுபோல் சாதாரணமாக இருந்தது. "கழட்டினது யாருன்னு அப்பவே தெரியும். அந்த வாரம் பூரா தம்பி சாப்பிட வரும்போதெல்லாம், ஸ்பேனர் வயரக் கொண்டாரல, ஸ்பேனர் வயரக் கொண்டாரலன்னு பொலம்பிக்கிட்டே இருந்தான்."

"அக்கா..."

"லாரிக்காரர் அன்னைக்குச் சொன்னப்போ உன்னைத்தான் தேடினேன். நீ டீ டம்ளர் கழுவிக்கிட்டிருந்த. இப்ப சொல்லுவான்னு பாத்தேன். கழுவினதையே மறுபடி மறுபடி கழுவின."

வெளியே மகள் மிஷினைச் சரிவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் தள்ளி நின்று கையால் வழி காட்டிக்கொண்டிருந்தார், அவள் கவனிக்காவிட்டாலும்.

"பெட்ரோல் வேணும்னேன்ல," என்றாள் அக்கா. "டீசலுக்குப் பயந்து சொல்லல. ஒனக்குப் பயந்து சொன்னேன். சாவி மட்டும் இருந்தா மெக்கானிக் கையில உசுரு இல்ல பாரு. அதுக்குத்தான்."

எனக்குக் கண் மறைத்தது. துடைக்கக் கையை எடுக்க வெட்கமாக இருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"தெரிஞ்சும் ஏன்க்கா என்னை வீட்டுக்குள்ள விட்டீங்க? சோறு வேற போட்டீங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா என்னை அடிச்சே கொன்னிருப்பாங்க."

"அடிக்க மாட்டாங்க. நீயே வெளியூர் போயிருப்ப." இப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ போயிட்டா அவனத் தெரிஞ்சவங்கன்னு எனக்கு யாரு இருக்கா? இவருக்கு அவன் மச்சினன். பாப்பாவுக்கு முகமே மங்கிப்போச்சு, போட்டோ பாத்துத்தான் பேசறா. அவன் எப்படிச் சிரிப்பான், எதுக்குக் கோவிச்சுக்குவான்னு ஒனக்கு மட்டும்தான் தெரியும். வாராவாரம் நீ வந்து ஒக்காந்தா, அவனும் பின்னாலயே கைகழுவிட்டு வர்ற மாதிரி இருக்கும். அதுக்காக வாய மூடிக்கிட்டேன். ஒன்மேல இரக்கப்பட்டுன்னு நெனச்சுக்காத."

மகள் மிஷினைக் கொட்டகை வாசலில் நிறுத்தினாள். குனிந்து ஏதோ இழுத்தாள். எஞ்சின் நின்றது. காதில் ரத்தம் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கிற அமைதி. அவள் சீட்டில் நின்றபடியே வேனைப் பார்த்துக் கத்தினாள்.

"மாமா! வாங்கறோமா, இல்லியா?"

அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

"வாங்கறோம்," என்றாள். பிறகு, மகளுக்குக் கேட்காத குரலில், என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எஞ்சின் பாரு, செயின் பாரு, எல்லாம் நீயே பாரு. ஞாயித்துக்கெழமை எப்பவும்போல சாப்பிட வா. ஸ்டாப் வயர மட்டும் நீ தொடாத. அதுக்கு வேற ஆளு வெச்சுக்கறேன்."

"சரிக்கா," என்றேன்.